முழங்காலில் நின்ற சேவகன்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. என் கையெழுத்து கோட்டில் நிற்காது, எங்கே ரகரம் எங்கே றகரம் என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். இதை அச்சுக்குக் கொடுப்பவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். சொன்ன விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் இருக்கிறேன். ஓப்பெரா என்று சொல்லும் பாட்டு நாடகங்களைப் போடுகிற பழைய அரங்கு ஒன்றில் துப்புரவு வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தேவாலயத்தில் யாரோ கொடுத்த ஊதா நிறச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி என்னைக் கண்டதும் கதிரையைவிட்டு எழும்பிப் பேயைக் கண்டவர்போலக் கத்தினார். பிறகு ஓடிப்போய், கெட்டது விலக இரும்புக் கதவைத் தொட்டுக்கொண்டார். குளிருக்குள் சுவெற்றரைக் கழற்றி வெளியே ஒரு பையில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டார். பழைய காலத்தில் பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு நாட்களில் அரங்குகளை மூடிவிடுவார்களாம், பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் நாற்பது நாள் பசியில் கிடப்பார்களாம். தபசின் நிறம் ஊதா என்பதால் இன்றுவரைக்கும் அரங்குக்குள் அந்த நிறம் ஆகாது. இலங்கையில், எங்கள் மன்னாரில், தபசு காலத்தில் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடிக் கட்டுகிற துணியும் ஊதாதான். அங்கே அந்தத் துணிக்கு முன்னால் முழங்காலில் நிற்போம், இங்கே அதைக் கண்டால் ஓடுகிறார்கள். இவ்வளவு பயப்படுகிறவர்கள், மேடையில் பெற்ற பிள்ளையைக் கொல்லுகிற கதையைக் கைதட்டிக்கொண்டு பார்ப்பார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

சென்ற பங்குனியில் பழைய ஓப்பெரா ஒன்றைப் புதிதாகப் போட ஆயத்தம் செய்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்துக் கதை. சேவகர்களாக நிற்க ஆட்கள் போதவில்லை. பாடத் தேவையில்லை, பேசத் தேவையில்லை, தலையில் பித்தளைத் தொப்பியோடு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரி. உடுப்புகளுக்குப் பொறுப்பான சிஞ்ஞோரா ரொசாலியா என்னிடம் வந்து என் தோளை அளந்தார். அறுபது வயது இருக்கும். வாயில் எப்போதும் நாலு குண்டூசி. "மாட்டேன்" என்று சொல்ல எனக்கு இத்தாலியனில் பாங்காக வரவில்லை. வாளி, தும்புத்தடி, சவர்க்காரம் என்ற அளவில்தான் அந்த மொழியைப் படித்திருந்தேன். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்து ஆட்டினேன். எங்கள் ஊர் ஆட்டத்தை அவர் "ஆம்" என்று எடுத்துக்கொண்டார்.

இடுப்புப் பட்டியைத் தைத்துக்கொண்டு அவர்தான் எனக்குக் கதையைச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். கடற்கரையில் ஒரு பழைய நகரம். அதைப் பெரிய அரசன் ஒருவன் வென்றுவிட்டான். வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தன் படைக்குப் பணயமாகத் தரவேண்டும் என்று கட்டளை போடுகிறான். நகரத்தில் ஒரு விதவை. அவளுக்கு ஒரே மகள். அதே வீட்டில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்பிள்ளையும் வளர்கிறாள். சேவகர்கள் வந்து மகளின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, விதவை தன் மகளை ஒளித்துவிட்டு...

நான் சிஞ்ஞோராவின் கையைப் பிடித்துவிட்டேன். நான் ஒருபோதும் அப்படிச் செய்கிறவன் அல்ல.

"யாரைக் கொடுக்கிறாள்? மகளையா?"

"இல்லை, மற்றப் பிள்ளையை. மகளின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறாள்."

"மகளையா?" என்று திரும்பவும் கேட்டேன்.

"மற்றவளை, மற்றவளை!" சிஞ்ஞோரா குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையை விரித்தார். "மத்தோன்னா! மாதாவே! இவனுக்கு எத்தனை தரம் சொல்வது?"

மூன்றாம் தரமும் கேட்டேன். நான் கொஞ்சம் மந்தமானவன் என்று அவர் நினைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டினார். என் வீட்டில் நடந்தது இந்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். இது இருநூறு வருடத்துக்கு முந்திய பாட்டு என்று அவர் சொன்ன பிறகும் அந்தத் திகில் போகவில்லை.

எங்கள் சொந்த இடம் மன்னார்த் தீவில் கீரி. சண்டைக் காலத்தில் தீவைவிட்டு எதிர்க்கரைக்குப் போய், விடத்தல்தீவுக்குக் கிட்ட ஓலை வீடு போட்டு இருந்தோம். அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அம்மா, நான், என் தங்கச்சி றெஜினா. சின்னம்மாவின் மகள் பிலோமியும் எங்களோடுதான் இருந்தாள். ஷெல் விழுந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் ஒரே நாளில் போன பிறகு, ஏழு வயதில் வந்தவள். றெஜினாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே உயரம். இருவரும் ஒரு சீப்பால் தலை வாரி, ஒரு பாயில் படுத்தார்கள். இரண்டு பேரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு ஒருவர் சண்டைக்கு வரவேண்டும் என்று இயக்கம் கேட்ட காலம் அது. கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. அதைக் கேட்டு, நான் ஒரு கிழமைக்குள் கலியாணம் கட்டினேன். மணவறையும் இல்லை, மேளமும் இல்லை. பெட்டைகள் இரண்டு பேருக்கும் அவசரத்தில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை. எங்கள் வாடி, அதாவது வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டில், ஊருக்கு வெளியே கண்டல் மரங்களுக்குள் இருந்தது. அதற்குள் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அம்மாவும் நானும் கதைத்து, றெஜினாவை மட்டும் அங்கே அனுப்பினோம். பிலோமியை வீட்டில் வைத்துக்கொண்டோம். தண்ணீர் அள்ள ஆள் வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் அங்கே இடம் இருந்தது. இதை நான் வாய் திறந்து ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவர்கள் வந்தது நல்ல வெயில் நேரம். மூன்று பேர். அதில் ஒரு பெண்ணிடம் பெயர் எழுதிய கடதாசி இருந்தது. அம்மா முற்றத்தில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"றெஜினா ஆர் அம்மா? கூப்பிடுங்கோ."

அம்மா கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பிலோமி கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாள்.

"இவள்தான்" என்றேன் நான்.

பிலோமி வாளியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"தங்கச்சி, நீங்களோ றெஜினா?"

"ஓம், நான்தான். ஏனக்கா, முகத்தில எழுதி ஒட்டியிருக்கோணுமோ?" என்றாள் பிலோமி. எந்த நேரமும் பகிடிதான் அவளுக்கு. வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். போகும்போது வாசலில் கிடந்த றெஜினாவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணா, செருப்புக்காரிட்ட சொல்லுங்கோ, தேடவேண்டாம், நான் போட்டுக்கொண்டு போறன் எண்டு" என்றாள். என் முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பிறகு அவளை நாங்கள் காணவில்லை.

வாடிக்குப் போய் றெஜினாவிடம், "பிலோமி தானாகப் போறன் எண்டு நிண்டவள், நாங்கள் மறிக்க மறிக்கப் போட்டாள்" என்று சொன்னேன். அவள் மணலில் விழுந்து அழுதாள். சில மாதத்தில் சண்டை எங்கள் பக்கம் வந்தது. நானும் மனைவியும் கடலால் இராமேஸ்வரம் போய், முகாமில் இருந்து, பல நாடு சுற்றி இங்கே வந்தோம். அம்மாவும் றெஜினாவும் சண்டைக்கு நடுவே வன்னிக்குள் அகப்பட்டார்கள். எல்லாம் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது, ஒலிபெருக்கியில் இராணுவத்தார் றெஜினாவின் பெயரை வாசித்தார்களாம். சண்டைக்குப் போனவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்திருக்கிறது. ஒன்றரை வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்து முதல்முதல் தொலைபேசி எடுத்தபோது சொன்னாள்: "ஆரோ ஒரு பாவி என்ர பேரைக் குடுத்திட்டான் அண்ணா. அவன் நல்லாயிருக்கமாட்டான்." நான் "ஓம்" என்றேன்.

அம்மா இப்போது இல்லை. றெஜினா கீரிக்குத் திரும்பி, கலியாணம் கட்டி, கருவாடு போட்டுச் சீவிக்கிறாள். காணாமல்போனவர்களின் விபரம் பதிகிற கந்தோருக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, பிலோமியின் படத்தோடு அலைகிறாள். கண்ட சாட்சி எழுதித் தரவேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கண்டவன் நான்.

"ஆறு மாசமாக் கேக்கிறன் அண்ணா. அவள் தானாப் போனதை நீங்கள்தானே கண்டனீங்கள். ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்."

"என்ர எழுத்தை ஆர் வாசிக்கிறது?"

"உங்கட எழுத்து கோழி கிண்டின மாதிரித்தான். அதுக்கு? கந்தோர்க்காரர் எத்தினை கோழியைக் கண்டிருப்பினம். நீங்கள் எழுதுங்கோ."

நான் ஒவ்வொரு முறையும் வேலை என்று சொல்லித் தப்பினேன். பொய்யை எழுதிக் கொடுத்தால், பிலோமி கேட்டுக் கேள்வியில்லாமல் தானாகப் போனவளாக அந்தக் கந்தோரின் அலுமாரிக்குள் இருந்துவிடுவாள். உண்மையை எழுதினால் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே இரத்த உறவு போய்விடும்.

இந்த நிலையில்தான் பித்தளைத் தொப்பி என் தலையில் ஏறியது. ஒத்திகையில் முதல் முதலாக அந்தப் பாட்டைக் கிட்ட நின்று கேட்டேன். இப்படிப் பாடுவதற்குப் பெல் கான்தோ என்று பெயர், அழகாகப் பாடுதல் என்று அர்த்தமாம். பெயர் சரிதான். சேவகர் தலைவன் "இந்த வீட்டின் மகள் நீதானா?" என்று கேட்கிறான். அந்தப் பிள்ளையாக நடிக்கும் பாடகி "ஆம்" என்று சொல்கிறாள். அந்த ஒரு சொல்லை அவள் உடனே விட்டுவிடவில்லை. மேலே கொண்டுபோய், அங்கே நிறுத்தி, நூல் நூலாக இழுத்து, மெல்ல இறக்கி, திரும்பவும் ஏற்றினாள். புல்லாங்குழல் ஒன்று மட்டும் பின்னால் போனது. பிலோமி அதைச் சொல்ல ஒரு வினாடிதான் எடுத்தாள். அந்த வினாடிக்குள் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்பதை அந்நியப் பெண் ஒருத்தி என் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இவ்வளவு பயங்கரமான இடத்தில் இவ்வளவு அழகு எதற்கு என்று எனக்குக் கோபமும் வந்தது. ஆனால் காதை மூட முடியவில்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் நானும் இன்னொருவனும் போய் அவளுடைய கைகளைப் பிடிக்கவேண்டும். அதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது.

எங்கள் ஊரில் அர்ச்சியசிட்டர்கள் என்ற புனிதர்களின் கதையைக் கூத்தாக ஆடுவோம். உரோமைச் சக்கரவர்த்தி, வேதத்துக்காக உயிர் விடுகிற வேதசாட்சி, சேவகர் எல்லோரும் வருவார்கள். கூச்சக்காரன் என்பதால் பாட்டு இல்லாத சேவகன் வேஷம்தான் எனக்கு எப்போதும் கிடைக்கும். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் சேவகர்களுக்கு ஒரு முறை வைத்திருந்தார். வேதசாட்சியாக ஆடுகிறவரைப் பிடிக்க முன்னர், சேவகன் ஈட்டியைக் கீழே வைத்து, முழங்காலில் நின்று, கைகூப்பிக் "குற்றம் பொறுக்கோணும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலில் கைவைக்கலாம். சொல்லாமல் வைத்த கை விளங்காமல் போகும் என்பார்கள். சபைக்கும் அது தெரியும், ஒருவரும் அதைக் கதையின் ஒரு பாகமாக எண்ணுவதில்லை.

அன்றைக்கு ஒத்திகையில் அவள் கையை நீட்டியபோது, என் கால் தானாக மடிந்தது. ஈட்டியைக் கீழே வைத்தேன். தொப்பியைக் கழற்றினேன். "குற்றம் பொறுக்கோணும்" என்று தமிழில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பாடகி எதுவும் விளங்காமல் என்னையே பார்த்தாள். கீழே இருந்து நெறியாளர் படியேறி வந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "ஸ்கூசி, ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல சொல் அது ஒன்றுதான்.

அவர் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "பெல்லிஸ்ஸிமோ! ஒரு கொடிய சேவகன், பாட்டைக் கேட்டு மனம் உடைகிறான்! இதை ஒவ்வொரு காட்சியிலும் செய். இதேபோல. அந்த வார்த்தையையும் சொல்."

பாட்டு என்னை உருக்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். இல்லை, இது நடிப்பில்லை, என் வீட்டில் இப்படி ஒன்று நடந்தது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எந்த மொழியில் சொல்வது? தலையை ஆட்டினேன். "ஆம்" என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

ஐந்து காட்சிகள். முதல் நாள் அந்த வார்த்தையைப் பிலோமிக்காகவே சொன்னேன். பாட்டு முடிந்ததும் சனம் எழும்பி "பிராவா!" என்று கத்தி, "பிஸ்! பிஸ்!" என்று திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டது. ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தை இன்னொரு தரம் கேட்கிறார்கள். அவளும் இன்னொரு தரம் பாடினாள். நானும் இன்னொரு தரம் முழங்காலில் நின்றேன். கடைசியில், கொடுத்த பிள்ளை செத்துப்போன செய்தி வந்து, விதவை புத்தி பேதலித்து, கால் மணி நேரம் சிரித்தும் அழுதும் குயில்போலப் பாடுவாள். எங்கள் அம்மா அப்படிப் பாடவில்லை. பிலோமியைக் கொண்டுபோன பிறகு மிச்சச் சூடையையும் வெட்டி முடித்து, கழுவி, சட்டியில் போட்டார். சாகும்வரை அந்த மீனை வாயில் வைக்கவில்லையாம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சிஞ்ஞோரா ரொசாலியா என் பட்டியை இறுக்கிக்கொண்டு, "நாளுக்கு நாள் நன்றாகச் செய்கிறாய்" என்றார். நான்காம் நாள் முழங்காலில் நிற்கப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். தொப்பியைக் கழற்றும் முன் அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறேன். அங்கே நின்றால் விளக்கு முகத்தில் நேராக விழும். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்து, நானே நகர்ந்து நின்றிருக்கிறேன். பிலோமியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பைச் சம்பளத்துக்குக் கேட்டு, வெளிச்சமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அதிர்ச்சி, கதையைக் கேட்ட நாள் வந்ததைவிடப் பெரிது. என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் முழங்காலில் நின்றேன். சொல் வரவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தேன். மற்றச் சேவகன் மட்டும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகும் எனக்குத் துணிவு வர ஐந்து மாதம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி பூசைக்குப் போயிருந்தபோது, பேனையை எடுத்தேன். "றெஜினா என்று பெயர் சொல்லிப் பிலோமியைக் காட்டிக் கொடுத்தது நான்" என்பதை முதல் வரியாக எழுதினேன். வாடியில் இரண்டு பேருக்கும் இடம் இருந்ததையும் எழுதினேன். தடுப்பில் இருந்த ஒன்றரை வருடம் யாரால் வந்தது என்பதையும் எழுதினேன். இரண்டு பக்கம். கையொப்பம் வைத்துப் படம் பிடித்து றெஜினாவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று தொலைபேசி காட்டியது. பதில் இல்லை. நாலு நாள் இல்லை. ஐந்தாம் நாள் குரல் செய்தி வந்தது. பின்னால் காற்றுச் சத்தமும், கருவாட்டுக்கு வந்த காகங்களைத் துரத்துகிற சத்தமும் கேட்டன.

"கடிதத்தைக் கந்தோரில குடுத்திட்டன். அந்தப் பட்டியலில என்ர பேரை வெட்டிட்டு அவளின்ர பேரைப் போடச் சொல்லியிருக்கிறன். கடிதம் மட்டும் காணாதாம், எழுதினவர் நேரில வந்து சொல்லோணுமாம். அவையள் கேக்காட்டிலும் நான் கேப்பன். வாங்கோ. வந்து என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ." காகத்தை ஒரு தரம் அதட்டினாள். பிறகு, "மன்னிப்பனோ தெரியாது. வாங்கோ."

'அண்ணா' என்ற சொல் அந்தச் செய்தியில் ஓரிடத்திலும் இல்லை. எத்தனை தரம் போட்டுக் கேட்டும் இல்லை.

இந்த நாடு எனக்கு அகதி என்று ஒரு பயணப் புத்தகம் தந்திருக்கிறது. அதில் ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்: எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர. கீரிக்குப் போவதென்றால் இந்தப் புத்தகத்தை இங்குள்ள அகதிகளுக்கான கந்தோரில் திருப்பிக் கொடுத்து, எனக்கு இனிப் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இங்கே திரும்பி வரலாமா என்பதற்கு ஒருவரும் உறுதி சொல்லவில்லை. மனைவி அழுகிறாள். பிறர் வீட்டு வேலை முடிந்து வந்து, கதவடியில் நின்றபடியே, "போகத்தான் போறியள் எண்டு எனக்குத் தெரியும்" என்கிறாள். நாளைக்குக் காலையில் அந்தக் கந்தோருக்கு நேரம் எடுத்திருக்கிறேன். புத்தகம் மேசையில் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் என்னை விடுகிற புத்தகம், நான் போகவேண்டிய ஒரு முற்றத்துக்கு மட்டும் விடாது.

இன்றைக்கு இங்கே சனம் பூவோடு கல்லறைக்குப் போகிறது. கீரியிலும் போவார்கள். பிலோமிக்கு மெழுகுதிரி கொளுத்தலாமா கூடாதா என்று இரண்டு ஊரிலும் எங்களுக்குத் தெரியாது.

கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, மரித்தோர் திருநாள்.